எழுத முடியாத கோப்பு

நோர்வூட் தோட்டத்துக் கணினி நிலையத்தில் இருந்த ஆறு கணினிகளுக்கும் சொந்த வட்டு கிடையாது. மூலையில் இரைந்துகொண்டிருந்த சர்வர்தான் கேபிள் வழியாக எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்தது. அன்று மாலை மூன்றாவது கணினி வழக்கம்போலத் தொடங்கியது, ஆனால் எதையும் சேமிக்க மாட்டேன் என்றது. படிக்கலாம், எழுத முடியாது.

அங்கே பாடம் சொல்லித்தரும் நிஷாந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் கணினியில் மட்டுமே திறக்கும் குடியுரிமை விண்ணப்பப் பட்டியல் மறுநாள் காலையில் நுவரெலியாவுக்குப் போகவேண்டும். அதில் அவள் அம்மாவின் பெயர் இன்னும் திருத்தப்படவில்லை. பதினான்கு வயதில் மண்சரிவில் செத்த தன் அக்கா அழகம்மாவின் பெயரில்தான் அம்மா அம்மாக்கண்ணு பன்னிரண்டு வயதில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். வயது காணாத பிள்ளையை இப்படிச் செத்தவர் பெயரில் தோட்டத்தின் வேலையாள் பதிவான செக்ரோலில் ஏற்றுவது அந்தக் காலத்தில் சகஜம். அதோடு முப்பது வருஷம் ஓடிவிட்டது.

"எம் பேருலயே எழுதிடு நிஷா. செத்தவ பேருல இன்னும் எத்தன நாளைக்கு?" என்று அன்று காலையில் அம்மா கேட்டிருந்தாள்.

மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தைக் குடிக்க, எங்கோ தகரக் கூரையிலிருந்து நீர் சொட்ட, நிஷாந்தி சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். ஐந்து கணினிகளுக்கு எழுத அனுமதி இருந்தது. மூன்றாவதற்கு மட்டும் படிக்க. அவள் அப்படிப் போடவில்லை. அறைச் சாவியும் அவளிடம்தான்.

மறுபடி மூன்றாவதில் பட்டியலைத் திறந்தாள். அழகம்மா என்ற பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சொல்.

இருக்கிறேன்.

மற்றக் கணினிகள் அணைந்து கிடந்தன. சர்வரின் விசைப்பலகையை அவளைத் தவிர யாரும் தொடவில்லை. எழுத முடியாத கோப்பில் யார் எழுதியது?

பயமாக இருந்தது. ஆனால் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அனுமதியை மாற்றினாள், சர்வரை அமைப்புக் கோப்பைத் திரும்ப வாசிக்க வைத்தாள், மூன்றாவதை அணைத்து மறுபடி போட்டாள். இந்தத் தடவை எழுத விட்டது. அழகம்மாவை அழித்தாள். அம்மாக்கண்ணு என்று அடித்தாள். சேமித்தாள்.

சர்வர் இரைச்சல் நின்றது.

கதவு திறந்தது. அம்மாவின் ஊதாச் சேலை.

"எம் பேர வெட்டிட்டியே புள்ள. நான் எங்க போறது?"

குரல் அடைத்து வந்தது. அம்மாவின் குரல் இல்லை.

"அம்மா எங்க?"

உடுத்தியவளுக்கு உயரம் காணாமல் சேலை தரையில் புரண்டது. அதற்குள் பதினான்கு வயது முகம். வாய் நிறையச் சிவப்பு மண். கழுத்தில் அம்மாவின் தாலி.