ஓட்டை போட்ட கேன்கள்

அன்று சாயங்காலம் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர். கதவோரம் மேஸ்திரி. காலி மருந்து கேன்களின் அடியில் கம்பியால் ஓட்டை போடும் அவள். கடைசிச் சுவரோரம், அந்தக் கேன்களைத் தூளாக்கும் மெஷினில் அவள் புருஷன். வேறு ஆள் இல்லை. லாரிக்காரன் மூட்டைகளை இறக்கிவிட்டு மத்தியானமே போய்விட்டான்.

மேஸ்திரி இரும்புக் கதவை ஸ்பேனரால் அடித்தார். பூட்டுவதற்கு முன், உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள தினமும் அடிப்பார். பூச்சிமருந்து நெடிக்காக எல்லோரும் நீல உடுப்பும், கண்ணாடி வைத்த மாஸ்க்கும், அதன்மேல் காதைச் சேர்த்து இறுக்கும் ரப்பர் குல்லாவும் போட்டிருப்பார்கள். தள்ளி நின்று கத்தினால் கேட்காது. தட்டினால் கேட்கும். உள்ளே இருப்பவர் ஆளுக்கொரு தட்டு, பக்கத்தில் கிடக்கும் கேனில் தட்ட வேண்டும்.

அவள் தட்டினாள். புருஷன் தட்டினான்.

மூன்றாவதாக ஒன்று கேட்டது.

அந்தச் சத்தமே சரியில்லை. விவசாயிகள் மூன்று தடவை அலசிக் கொடுத்த கேன்களை, இனி யாரும் தண்ணீர் பிடித்துவைக்க எடுத்துப் போகக் கூடாது என்று அவளே காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் குத்தியிருந்தாள். குத்திய கேன் வறட்டுச் சத்தம் போடும். இது ஏதோ நிரம்பிய வயிறு மாதிரி, டும் என்றது.

மேஸ்திரி மாஸ்க்கைத் தூக்கினார். "தங்கச்சி, ஒரு தட்டுன்னா ஒரு தட்டு. கச்சேரியா பண்றே?"

"நான் ஒண்ணுதாண்ணே தட்டினேன்."

"அப்ப மாப்ள வேலைதான். வீட்டுக்குப் போற சந்தோஷம்."

புருஷன் கிட்டே வந்து, தான் இல்லை என்று கையை விரித்தான். மூவரும் வெளியே வந்து நின்றார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மேஸ்திரி மறுபடி கதவில் அடித்தார்.

காலிக் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு தட்டு பதில் வந்தது.

"கேன் தூக்க வந்தவன் எவனாவது குவியலுக்கடியில மாட்டியிருப்பான்," என்றான் புருஷன்.

"காலையில பாத்துக்கலாம் மாப்ள."

"பூட்டினா இந்த நெடியில விடியறதுக்குள்ள செத்துடுவாண்ணே."

அவள் அவன் கையைப் பிடித்தாள். "நீங்க போக வேணாங்க. போன் பண்ணி நாலு பேரை வரச் சொல்லலாம். பாப்பா வேற நமக்காக உக்காந்திருப்பா."

"எட்டிப் பாத்துட்டு வரேன். மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே, நம்ம கல்யாண போட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கு." மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு, டார்ச்சோடு உள்ளே போனான்.

அவள் குல்லாவையும் மாஸ்க்கையும் கழற்றினாள். அவன் வரும் சத்தம் கேட்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அழுகிய பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி அந்த நெடி தொண்டையில் படிந்தது. கூரை வரை ஏறிய வெள்ளைக் குவியலின் வழியே அவன் டார்ச் வெளிச்சம் மங்கலாக ஊர்ந்து போனது. அவன் தோள் உரசும் இடத்தில் கேன்கள் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று உட்காருவதும், எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ மெல்ல உப்பி, மெல்ல அமுங்குவதும் அவளுக்குக் கேட்டன. டப். கொஞ்ச நேரம் கழித்து, டப். வெயில் இறங்கினால் மூடிய கேன் அப்படிச் சத்தம் போடும். ஓட்டை போட்டது போடாது. அதில் காற்று நிற்காது.

டார்ச் அணைந்தது.

மேஸ்திரி கதவில் அடித்தார். ஒரு தட்டு வந்தது. வறட்டுச் சத்தம். அவன்தான். அவளுக்கு மூச்சு வந்தது.

பக்கத்திலேயே இன்னொன்று.

பிறகு மேலே. இடப்பக்கம். கூரையடியில். கதவுக்கு மிக அருகில். குவியல் முழுவதும் தட்டியது. அவள் குத்திய ஒவ்வொன்றும்.

"ஏங்க! வந்துடுங்க!"

தட்டல் சட்டென்று நின்றது.

குவியலைச் சுற்றிக்கொண்டு அவன் வந்தான். நீல உடுப்பு, மாஸ்க், குல்லா. அதே உயரம். அவள் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "போதும், வாங்க, வீட்டுக்குப் போலாம்." மேஸ்திரி அவர்கள் முதுகுக்குப் பின்னால் கதவைத் தள்ள ஆரம்பித்திருந்தார். முழு பலத்தோடு. உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் பிடித்திருந்த கை அமுங்கியது. எலும்பு தட்டுப்படவில்லை. பிடி தளர்ந்ததும் அது பழைய வடிவத்துக்கு வந்தது.

டப்.

உள்ளே, வெகு தூரத்தில், இருமல். மாஸ்க் இல்லாத குரல்.

"மூடாதீங்க... எல்லாமே தட்டுது, நான் தட்டினா உங்களுக்குத் தெரியாதுன்னு, கத்தறதுக்கு மாஸ்க்கக் கழட்டிட்டேன்... ஏய், நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்..."

"அண்ணே, மூடாதீங்க!"

மேஸ்திரியின் காதில் ரப்பர் இறுகியிருந்தது; கதவு உராயும் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் அவரை நோக்கி ஓடப் பார்த்தாள். கை வரவில்லை. இப்போது அதுதான் அவளைப் பிடித்திருந்தது.

திரும்பினாள். மாஸ்க்கின் கண்ணாடிக்குப் பின்னால் முகம் இல்லை. நெற்றிவரை பால் மாதிரி ஏதோ நிரம்பி, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

கதவு சுவரில் போய் முட்டியது. மேஸ்திரி சாவியைத் திருப்பினார்.