இரண்டாம் வரிசை எலிகள்

அன்றைக்குச் செந்தமிழ்ச்செல்வியை எலி கடிக்கவில்லை. அவளுக்கு முதலில் தட்டுப்பட்ட கோளாறு அதுதான். அவள் கூண்டு சுத்தம் செய்யும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வரிசைக் கூண்டுகள், இரண்டு பரம்பரை. முதல் வரிசை சாது. இரண்டாம் வரிசை வேற்று வாடை பட்டாலே பல்லைப் பதித்துவிடும். அண்ணன் தங்கையையே சேர்த்து இருபது தலைமுறை வளர்த்ததில், அதுகளுக்குத் தன் வாடை உள்ளதுதான் சொந்தம். இன்று தாய் எலி அவள் விரலை முகர்ந்தது, நக்கியது, போய்ப் படுத்துக்கொண்டது.

வெறும் விரல். கிளவுஸ் தீர்ந்து மூன்று மாதமாகிறது. மருந்து ஊறிய மரத்தூளைக் கையால்தான் அள்ளுகிறாள். உழவர்கரையில் இவ்வளவு பெரிய ஆய்வுக்கூடம் கட்டியவர்களுக்கு ஒரு பெட்டி கிளவுஸ் வாங்க வக்கில்லை. ஆறு மாத வயிற்றோடு வேறு வேலை கேட்டுக் காலையில் போய் நின்றாள். டாக்டர் மதிவாணன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முதல் வரிசைக்கும் அதே மருந்துதாம்மா. ஒண்ணாவது செத்துச்சா?”

“ரெண்டாவது வரிசைக்கு ஆவுதே சார். கண்ணில்லாம குட்டி போடுது. தாயே மோந்து பாத்துட்டுக் கடிச்சுத் தின்னுடுது.”

“அது அதுங்க பரம்பரைக் கோளாறு. உனக்கென்ன?”

“நான் எந்த வரிசைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?”

அவர் சிரித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவர் பெண்டாட்டி இந்த மரத்தூளை அள்ளட்டும், அப்புறம் சிரிக்கட்டும்.

மதியம் இரண்டு மணிக்கு விளக்குகள் தாமாக அணைந்தன. எலிகளுக்கு அப்போதுதான் ராத்திரி; ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். வழக்கமாக அந்த நேரத்தில் முப்பது கூண்டிலும் கீச்சுச் சத்தமும், மூத்திர நெடி கிளம்ப ஈர மரத்தூளைப் பிராண்டும் சரசரப்பும், தண்ணீர்க் குழாயைப் பல்லால் தட்டும் ஓசையுமாகக் காதை அடைக்கும். இன்று ஏசி மட்டும் இரைந்தது.

இரண்டாம் வரிசையிலேயே அடுத்த கூண்டில் கையை விட்டாள். நக்கியது. அதற்கடுத்தது. அதுவும் நக்கியது.

“கடிடி, சனியனே! நான் உங்க கூட்டமில்லடி!”

ஓடிப்போய் முதல் வரிசையில் கையை விட்டாள். நேற்றுவரை உள்ளங்கையில் தூங்கிய எலி.

சுருக்.

ரத்தம் சொட்டியது.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அவள் திரும்பினாள். இரண்டாம் வரிசையின் தாய் எலிகள் எல்லாம் பின்னங்காலில் எழுந்து நின்றன. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான். பிறந்த குட்டியை மோந்து பார்ப்பதுபோல மூக்குகள் துடித்தன.

முகர்ந்து முடித்தன.

எல்லாம் ஒன்றாக, கம்பியைக் கடிக்கத் தொடங்கின.