குண்டானுக்குள் இருந்த செவ்வாய்க்காரன்

செவ்வாய்க் கிரகத்தில் நான் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாடு அவர்களே கொடுத்தார்கள். இதை ராயபுரத்தில் யாரும் நம்புவதில்லை, மகிமாவைத் தவிர.

மகிமாவுக்குப் பத்து வயது. எங்கள் மாடி வீட்டுப் பெண். தெருக் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

நடந்தது இதுதான். நான் ஹார்பரில் வேலை செய்த காலத்தில், 'செவ்வாய் அழைக்கிறது' என்று ஒரு டிவி தொடர் எடுக்க வந்தார்கள். செவ்வாய் வரை போய்வர அவர்களுக்கு வசதி இல்லை. ஹார்பரில் இரும்புத் தாது மலைமலையாகக் கிடந்தது. செவ்வாயும் சிவப்பு, அதுவும் சிவப்பு. இங்கேயே இறங்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்காரனின் வெள்ளி உடுப்பைப் பெரிதாகத் தைத்துவிட்டார்கள். அங்கே இருந்த ஆட்களில் உயரம் நான்தான். உடுப்பை மாட்டி, தலையில் ஒரு பிரியாணிக் குண்டானைக் கவிழ்த்தார்கள். தொடரின் முதல் பகுதியில் விண்கலத்திலிருந்து இறங்குவது நான்தான்.

ஒரு நாள் தெருவில் இதைச் சொன்னதும், "தாத்தா நல்லா கத வுடுறாரு," என்றான் எதிர்வீட்டு நெல்சன். "திமிங்கிலத்துக்குத் தலைவலித் தைலம் தேய்ச்ச ஆளுதானே இவரு?"

"தேய்ச்சது நெசம்டா. ஒரு பாட்டில் பத்தல," என்றேன்.

தெருவே சிரித்தது. மகிமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"செவ்வாய்க்காரன் எங்க தாத்தாதான். இல்லன்னா நான் இனிமே கோல்கீப்பரே இல்ல. போதுமா?"

நெல்சனுக்கு முகம் மலர்ந்தது. அவளுடைய கோல்கீப்பர் கையுறைகள் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் மகிமா வீட்டு டிவி முன் உட்கார்ந்தார்கள். யாரோ அந்த முதல் பகுதியை யூடியூபில் போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

விண்கலம் இறங்கியது. அது மீன் ஐஸ் பெட்டி. உள்ளே ஒரு சிவப்பு பல்பு. கதவு திறந்தது. வெள்ளி உடுப்பில் செவ்வாய்க்காரன் வந்தான். முகம் முழுக்கக் குண்டான்.

"கிச்கிச்கிச்கிச்," என்றான்.

பக்கத்தில் நின்ற விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றினார். "சமாதானத்துக்காக வந்திருக்கிறோம் என்று சொல்கிறார்," என்றார். அவர் கண் கலங்கியது.

"குண்டான்தான் தெரியுது," என்றான் நெல்சன். "உள்ள யாரு கீறாங்கனு யாருக்குத் தெரியும்? எங்க ஆயாவாகூட இருக்கும்."

"டேய் வஞ்சிர மண்ட, உங்க ஆயா அவ்ளோ உசரம் இல்லடா," என்றேன்.

கோபம் வந்தால் நான் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஹார்பரில் என் மேலதிகாரியே அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

மகிமா எழுந்து போனாள். கையுறைகளை எடுத்து வந்து நெல்சனிடம் நீட்டினாள். அவன் உடனே மாட்டிக்கொண்டான்.

திடீரென்று அவள் திரும்பினாள்.

"தாத்தா, உள்ள இன்னா பேசுன நீ?"

"வாய்க்கு வந்தத பேசச் சொன்னாங்க. ஞாபகம் இல்லம்மா. அப்பறம் மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க. டிவில பாத்தப்போ எனக்கே புரியல."

"எங்க சித்தி வாய்ஸ் மெசேஜ் போட்டா முடியவே முடியாது. அம்மா அத வேகமா ஓடவுட்டுதான் கேப்பாங்க. அப்போ இதே மாதிரிதான் கேக்கும்," என்றாள் மகிமா. "இன்னொரு தபா பாக்கலாம். மெதுவா."

முதலிலிருந்து ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்தாள். ஐஸ் பெட்டி ஆடி ஆடி இறங்கியது. செவ்வாய்க்காரன் வந்தான். இன்னும் குறைத்தாள். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

குண்டானுக்குள்ளிருந்து ஒரு கீச்சுக்குரல் தெளிவாகச் சொன்னது:

"டேய் வஞ்சிர மண்ட... குண்டான கயட்டுடா... உள்ள வெந்துகினு கீறேன்..."

விஞ்ஞானி மிக மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ச...மா...தா...ன...த்துக்...காக..."

மூன்று பிள்ளைகள் நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே தரையில்தான் இருந்தார்கள். மகிமாவின் அம்மா கரண்டியோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, அவளும் உட்கார்ந்து சிரித்தாள்.

நெல்சன் மட்டும் தலை குனிந்தபடி கையுறைகளைக் கழற்றினான்.

"அடுத்த மேட்ச்சுல பாதி நேரம் நீ நில்லு," என்றாள் மகிமா.

"நெசமாவா?"

"ஆனா கோல் வுட்டே, குண்டான கவுத்துடுவேன்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அப்போ தாத்தா, அந்தத் திமிங்கிலக் கதையும் நெசந்தானா?"

மகிமா யோசித்தாள். "திமிங்கிலத்துக்கு நெத்தி எங்க கீது தாத்தா?"

"அத்தத் தேடறதுலயேதான்மா," என்றேன், "ஒரு பாட்டில் தைலமும் தீந்துபூச்சு."