கூப்பிடாத பேர்

மருமகள் அஞ்சு கஞ்சிப் பானையை இறக்கி வைத்த சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் பறந்தே போயின. காலை மௌனம் முடியும் மணி இன்னும் அடிக்கவில்லை. அதுவரை தியான மடத்தில் தலைவி குருவம்மாவைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. மனிதர்கள் பேசக் கூடாதென்றுதானே சட்டம்; பாத்திரம் பேசக் கூடாதென்று இல்லையே! மாமியார் சண்முகவடிவு தலை குனிந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் அஞ்சு திரும்பினாள்.

"மாமி... நான் ஒங்களுக்கு என்ன துரோகம் செய்தேன்? சொல்லுங்கோ!"

"நான் ஒண்ணும் செய்யல மக்கா..."

"செய்யலியா? குருவம்மா காதுல தினமும் குனிஞ்சு குனிஞ்சு என்னத்தை ஓதுதிய? நேத்தைக்கு எனக்க பேரை மட்டும் ஏன் அவிய விளிக்கல? செய்யதையும் செய்துட்டு, எனக்க முறை வரும்போ அடுக்களைக்கு ஓடியாச்சு! எனக்க மூஞ்சியைப் பாக்கப் பயம்!"

திற்பரப்புக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலைத் தியானம் முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வருவார்கள். குருவம்மா ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளங்கையில் துளசித் தீர்த்தம் விடுவார். ஒருவர் பேரைச் சொல்லாமல் விட்டால், அவரிடம் ஏதோ குற்றம் கண்டுவிட்டார் என்று அர்த்தம். கையை மடக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. நேற்று அஞ்சு அப்படித் திரும்பினாள். அதன்பிறகு குழாயடியில்கூட யாரும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. என்ன குற்றமாக இருக்கும் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கற்பித்துக்கொண்டார்கள். அதில் சில காதால் கேட்கத் தகாதவை. இன்று காலை அவள் வரிசைக்கே போகவில்லை.

தீர்த்தச் செம்போடு குருவம்மாவின் தோளருகே நிற்பவள் வடிவுதான். அவள் குனிவதையும் உதடு அசைவதையும் எல்லோரும் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு அது போதாதா?

வடிவை மைனி என்று கூப்பிடும் கொழுந்தன் கிருஷ்ணமணி, அவள் மகன் சுதனோடு உள்ளே வந்தார். இந்த மடத்தின் முதல் ஓலைக் கூரையை வேய்ந்தவர். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு பொழுது போகாது.

"நான் அண்ணைக்கே சொன்னேன் சுதன். மைனி குனியுதா, குருவம்மா முகம் மாறுது. கோள் மூட்டியே மடத்தைக் கைக்குள்ள போட்டாச்சு!"

சுதன் குலசேகரத்து ரப்பர் ஷீட் கடைக்குக் கிளம்பி நின்றவன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"அம்மா, உள்ளதைச் சொல்லுங்கோ... காதுல என்ன சொல்லுதிய?"

வடிவு தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது.

குருவம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. ஓணத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வடிவின் கையைப் பிடித்து அழுதார். "முகமெல்லாம் கலங்குது வடிவு. பேரு வரமாட்டேங்குது. ஆருகிட்டயும் சொல்லாத... தெரிஞ்சா இவிய எல்லாரும் சிதறிப் போவாவ." வடிவு சத்தியம் செய்தாள். புருஷன் செத்து, கைக்குழந்தை சுதனோடு போக்கிடம் இல்லாமல் நின்றவளை உள்ளே அழைத்துப் போன கை அது. அன்று முதல் ஒவ்வொரு முகம் வரும்போதும் குனிந்து பேரை மட்டும் சொல்லிக் கொடுப்பாள். நேற்று அடுக்களையில் பால் தீயும் வாசனை வர, ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து வரிசையில் வந்தவள் அஞ்சு. வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா, தெய்வமே!

"வாயைத் திறக்க மாட்டியளா?" சுதனின் குரல் உடைந்தது. "சரி. நாளைக்கு நீங்க பின்னால இருங்கோ. செம்பை வேற ஆராவது பிடிக்கட்டும். குருவம்மா அஞ்சுவுக்க பேரை விளிச்சா இங்க கிடப்போம். இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிட்டு இரணியலுக்கு, இவளுக்க வீட்டுக்குப் போறோம். பின்ன இந்தப் படி ஏறமாட்டோம்!"

சாயங்காலம் வடிவு குருவம்மாவிடம் போனாள். சத்தியத்திலிருந்து என்னை விடுவியுங்கள் என்று அழுதாள். "என்ன சத்தியம் வடிவு?" என்று குருவம்மா சிரித்தார். சத்தியமே மறந்துபோனவரிடம் எந்த விடுதலையைக் கேட்பது? வாக்குக் கொடுத்தவளுக்கு நினைவிருக்கிறதே! கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை மண்டபத்தின் கடைசி வரிசையில், சுவரோரமாக வடிவு உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்த கண்களெல்லாம் 'மாட்டிக்கிட்டியா?' என்றன. தியானம் முடிந்தது. முதல் ஆளாகக் கிருஷ்ணமணி நிமிர்ந்து போய்க் கை நீட்டினார்.

குருவம்மா அவர் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கிருஷ்ணமணியின் நெற்றி வியர்த்தது. முதல் கூரை வேய்ந்தவருக்கே பேர் இல்லையா?

குருவம்மாவின் கண்கள் தோள் பக்கம் தேடின. பிறகு பயந்துபோன குரலில் கூப்பிட்டார்.

"வடிவு... வடிவு எங்க? இவரு ஆரு? எனக்கு ஒருத்தரையும் தெரியலியே... வடிவு வந்து பேரு சொல்லித் தரணும்லா!"

யாரும் அசையவில்லை. வடிவு எழுந்திருக்கவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

முதலில் அசைந்தவள் அஞ்சு. வரிசையை விட்டு விலகி ஓடினாள். குருவம்மாவை நோக்கி அல்ல, பின்சுவரை நோக்கி.

"மாமி! பேரா... பேரையா சொல்லிக் குடுத்திய இவ்வளவு நாளும்? எனக்கிட்டயாவது சொல்லப்பிடாதா? நான் என்னவெல்லாம் பேசிட்டேன்... என்னை அடியுங்கோ மாமி!"

"குடுத்த வாக்கு மக்கா..." வடிவு எழுந்து நின்றாள். மருமகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சுதன் வந்து அம்மாவின் காலருகே அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரி மக்கா." வடிவு அவன் தோளைத் தொட்டாள். "அங்க அவிய பயந்துபோய் இருக்காவ."

அஞ்சுவின் கையைப் பிடித்தபடி வடிவு முன்னால் போனாள். கிருஷ்ணமணி இன்னும் கை நீட்டியபடியே நின்றார். அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வடிவு செம்பை வாங்கிக்கொண்டாள். இந்த முறை அவள் குனியவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"இவரு கிருஷ்ணமணி, குருவம்மா. எனக்க கொழுந்தன். நல்ல மனுஷன்."

"கிருஷ்ணமணி!" குருவம்மாவின் முகம் தெளிந்தது. தீர்த்தம் விட்டார். கிருஷ்ணமணியின் கை நடுங்கிய நடுக்கத்தில் அது அத்தனையும் விரலிடுக்கு வழியே தரையில் ஒழுகிப்போயிற்று. "மைனி..." என்றார், மிச்சம் அழுகையாகத்தான் வந்தது.

"சிந்திப்போச்சு குருவம்மா" என்றாள் வடிவு. "அவருக்கு இன்னும் கொஞ்சம் விடுங்கோ."