மச்சானின் பூட்டு

மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கியது. வார விடுமுறை நாளில், ஈ காக்கை இல்லாத அந்த ஷெட்டில், அது தொங்க வேண்டிய அவசியமே இல்லை. டார்ச்சுக்காரர் கைவிளக்கை அதன்மேல் அடித்தார். சிவப்புப் பூட்டு. அதோடு கட்டியிருந்த அட்டைப் படத்தில் அவர் மனைவியின் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். யாரோ இப்போதுதான் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுப் போனதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

டார்ச்சுக்காரர் என்பது, பட்டப்பகலிலும் விளக்கடித்துப் பார்க்கிற ஆள் என்பதால் வந்த பெயர். "கட்டின பொண்டாட்டி காபி குடுத்தாலும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் குடிப்பாரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். லேசர் இயந்திரத்தைப் பராமரிக்கிறவனுக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது என்பது அவர் கட்சி.

அந்த இயந்திரத்தின் கூண்டு ஒரு சின்ன வீட்டளவு இருக்கும். உள்ளே லாரி நீளத்துக்கு எஃகு உருளை படுத்திருக்க, லேசர் அதன்மேல் வரிவரியாகப் பள்ளம் பொறித்துக்கொண்டே போகும். துடைக்கவோ எண்ணெய் போடவோ உள்ளே போகிறவன் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மாட்டியவனே கழற்ற வேண்டும். வெட்டித்தான் தீர வேண்டுமென்றால், மாட்டியவனைக் கண்ணெதிரே நிறுத்திப் பார்த்த பிறகே வெட்டலாம். மச்சானுக்கு இதைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

ஆனால் மச்சான் விஷயத்தில் அவருக்குக் கொஞ்ச நாளாகவே மனசு சரியில்லை. லென்ஸுக்குக் கீழே இருக்கும் காப்புக் கண்ணாடி, மாதக்கணக்கில் உழைக்க வேண்டியது, வாரத்துக்கு ஒன்றாகக் கெட்டுப்போனது. எஃகு எரிந்தால் படிவது சாம்பல் நிறப் பொடி. இந்தக் கண்ணாடிகளில் படிந்திருந்ததோ பழுப்பாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிற ஏதோ. முகர்ந்தால் மயிர் கருகிய வாடை. விடுமுறை நாட்களில் பையன் வெளியாள் வேலை எதையோ, தோலையோ எதையோ, திருட்டுத்தனமாக உள்ளே வைத்துப் பொறிக்கிறான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மேலாளரும் ஜாடையாகச் சொல்லிவிட்டார்: "உங்க வார்த்தைய நம்பித்தான் அவனைச் சேர்த்தோம். இன்னொரு தடவை ஆச்சுன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்." வீட்டிலோ மனைவி, "அப்பா அம்மா இல்லாத பையன், அவனை உங்க கையிலதான் குடுத்திருக்கேன்" என்று வேளைக்கொரு தடவை நினைவுபடுத்துவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அதனால்தான் இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். கையெல்லாம் எண்ணெயாக இருக்கவே, கைப்பேசியை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டு மச்சானை அழைத்தார்.

"என்ன மாமா."

"எங்கடா இருக்க?"

"வீட்டுலதான். படுத்திருக்கேன்."

குரலுக்குப் பின்னால் டொக், டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. லேசரைக் குளிர வைக்கிற தண்ணீர் எந்திரத்தின் சத்தம் அது. தனி மின்வழியில் ஓடுவதால் அதை எந்நாளும் நிறுத்துவதில்லை, அதன் தேய்ந்த பேரிங் இப்போது அவருக்கு இடப்பக்கத்தில் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கைப்பேசியிலும் அதே டொக். பயல் இங்கேதான் எங்கேயோ ஒளிந்திருக்கிறான்.

"வீட்டுலயா?"

"ஆமா. பூட்டை மறந்துட்டேன். வெட்டிடுங்க மாமா."

அழைப்பு நின்றுவிட்டது. சத்தியமா மாமா, சாமி சத்தியமா மாமா என்று வாக்கியத்துக்கு வாக்கியம் இழுக்கிற பையன், இன்றைக்கு அளந்து பேசினான். அதுவே அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

கூண்டின் கதவைத் திறந்து விளக்கடித்தார். குளிர்ந்த எஃகின் வாசனையும் பழைய எண்ணெயின் கசப்பும் முகத்தில் அறைந்தன, உருளை மங்கலாக மினுங்கியது, அதற்கு அடியில் இருக்கும் குழி மட்டும் வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு கறுப்பாகக் கிடந்தது. இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால் தன் பூட்டையும் மாட்டி, தவழ்ந்து போக வேண்டும்.

"உள்ள ஆள் இருக்கா?"

டொக், டொக் மட்டும். அது இடப்பக்கத்திலிருந்து வருகிறதா, குழியிலிருந்து வருகிறதா என்று ஒரு கணம் காதைத் தீட்டினார். எதிரொலிதான் என்று தள்ளிவிட்டார். எதையும் விளக்கடித்துப் பார்க்கிற மனிதரின் விளக்கு, அன்றைக்குக் குழியின் விளிம்போடு நின்றுவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எந்திரத்தை ஓட்டினால் பயல் அலறியடித்துக்கொண்டு வெளியே வருவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்பதே அவர் கணக்கு.

கதவைச் சாத்தினார். பூட்டு வெட்டும் கத்தரியின் இரண்டு பிடிகளையும் சேர்த்து அழுத்தினார். பூட்டு தரையில் விழுந்தது. சுவிட்சை மேலே தள்ளினார்.

அப்போதுதான் உறைத்தது. பூட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் விரல் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது. லேசர் உருளையைத் தொட்டது. எஃகைத் தொட்டால் எழும் அந்தக் கூர்மையான சீறல் கொஞ்ச நேரம் சரியாகத்தான் கேட்டது. பிறகு அது மழுங்கியது. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். புகை உறிஞ்சும் குழாயையும் மீறிக்கொண்டு வாடை வந்தது.

மயிர் கருகும் வாடை.

சிவப்புப் பொத்தானைக் குத்தினார். எல்லாம் நின்றது. டொக், டொக்.

மேசைமேல் கைப்பேசி அடித்தது. மனைவி. முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரிலேயே எடுத்தார்.

"என்னங்க, தம்பி அங்க வந்தானா? நேத்து ராத்திரி ஷிப்டுக்குப் போனவன் இன்னும் வீட்டுக்கு வரல."

"இப்பதான் பேசினேன். வீட்டுல படுத்திருக்கேன்னான்."

"எதுல பேசினீங்க? அவன் போனை இங்கயே விட்டுட்டுப் போயிட்டான். என் கையிலதான் இருக்கு. அடிக்கவே இல்லையே."

அவர் கைப்பேசியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கதவைத் திறந்தார். தன் பூட்டை மாட்ட நினைக்கவில்லை. உருளைக்கு அடியில் தவழ்ந்தார், முழங்கால் சிராய்த்தது, விளக்கைக் குழிக்குள் நீட்டினார்.

மச்சான்.

உயிரோடுதான் இருந்தான். குழியின் மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. வலது கையில் பூட்டின் சாவி. அதை வைத்துக் குழியோரத்து இரும்புத் தண்டவாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தான். டொக். டொக். இடது கையை உருளைக்கு நேராகத் தூக்கி, நிறுத்துங்கள் என்று காட்டியிருக்க வேண்டும். உள்ளங்கை முழுக்க வரிவரியாகப் பொறிப்பு, இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"ஏண்டா கூப்பிடல? ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

அவன் முகத்தைத் தூக்கினான். வாயிருந்த இடத்தில் பொடிப்பொடியான கோடுகள். மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் சேர்த்து, ஒரு மயிரிழை பிசகாமல் பொறித்திருந்தது. அது இன்றைக்குப் பட்டதல்ல. காய்ந்து, பழுப்பேறிப் போயிருந்தது.

தன் கையில் ஒப்படைத்த பிள்ளை. திருடன் என்று நினைத்துவிட்டோமே என்று அழுகை முட்டியது. அவனை இழுத்து அணைத்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

வெளியே மேசைமேலிருந்து மனைவியின் குரல். "என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

ஒரு சின்னச் செருமல். பேசுமுன் அவர் வழக்கமாகச் செருமுவதுபோல.

"இருக்கேன்," என்றது அவருடைய குரல். "உன் தம்பி கிடைச்சுட்டான். ரெண்டு பேரும் கிளம்பிட்டோம். கதவைத் திறந்து வை."

"அப்பாடா. நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். சாப்பிட்டீங்களா?"

"இல்ல. பசிக்குது."

திறக்காதே என்று கத்த வாயைத் திறந்தார். காற்று வந்தது. வெறும் காற்று. மறுபடியும் கத்தினார். தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. மச்சானின் பொறிபட்ட கை அவர் மணிக்கட்டைச் சூடாகப் பற்றிக்கொண்டது.

தலைக்குமேல் புகை உறிஞ்சும் விசிறி ஓடத் தொடங்கியது. உருளை அசைந்தது. கூண்டின் பச்சைக் கண்ணாடிக்கு வெளியே யாரோ ஒருவர், அவரைப்போலவே ஒரு காலை லேசாக இழுத்து நடந்து, கைப்பேசியை இடதுபக்கச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.