அக்கினி மூலைத் தூண்

மழை ஒரு வாரமாக விடவில்லை. பர்மாவில், மாவ்பியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போகிற செம்மண் பாதையின் கடைசியில் இருந்த அந்தக் கிராமத்தில், மண்ணும் மரமும் மாடும் மனுஷரும் ஊறிப்போய்க் கிடந்தார்கள். பவுனம்மாளின் வீட்டுக்குள் தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம், ஜாடியில் இருந்த உப்புகூடக் கசிந்து தண்ணீராகி இருந்தது. கொடியில் போட்ட துணி காயாமல் நாற்றமெடுக்கத் தொடங்கியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டில், அடுப்பு மூலையில் நின்ற தேக்குத் தூணின் ஆணியில் மாட்டிய ஈரத் துண்டு மட்டும், அவள் ஒரு டம்ளர் தேத்தண்ணீர் போட்டு இறக்குவதற்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.

முதல் தடவை அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் அடுப்பே மூட்டவில்லை. அப்போதும் துண்டு காய்ந்தது. தூணில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது.

"நல்லதாப் போச்சு, துணி காயப் போட ஒரு இடம்" என்று வாய்விட்டே சொன்னாள். பயம் வரும்போது கேலி பேசுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதனால்தான் இன்சீன் சந்தையில் தோசைக்கடை போட்டு, சண்டைக்காரர்களுக்கும் கடன் சொல்கிறவர்களுக்கும் நடுவே இத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடிந்தது.

இந்த வீடு அவளுக்கு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பவுனம்மாள் பிறந்தது ரயில்வேக்காரர்களின் லைன் வீட்டில். அப்பாவுக்கு வேலை முடிந்த மாதமே காலி பண்ணச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வாடகை அறைகள்தான். ஒரு வீட்டுக்காரருக்கு மகன் கல்யாணம், இன்னொருவருக்குத் தாளிக்கிற நெடி ஆகாது, மற்றொருவர் காரணமே சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை மட்டும் கேட்டார். சட்டிபானைகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்ததில் புருஷனும் போய்ச் சேர்ந்தார். குடியுரிமை அட்டை கைக்கு வருவதற்குள் பாதித் தலை நரைத்துவிட்டது. அட்டை வந்ததும் அவள் செய்த முதல் காரியம் இந்த வீட்டைத் தன் சொந்தப் பெயரில் வாங்கியது. அட்டை இல்லாதவர்களைப் போல அடுத்தவர் பெயரைக் கடன் வாங்கவில்லை, யார் தயவும் கேட்கவில்லை. இனிமேல் அவளைப் பார்த்துக் காலி பண்ணு என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் வாய் கிடையாது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அவளுக்கு அது தப்பாகவே படவில்லை.

தென்கிழக்கு மூலை அக்கினி மூலை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த யாரும் அடுப்பை அங்கேதான் வைப்பார்கள். முன்னால் இருந்தவர்கள் ஏனோ பின்பக்கச் சார்ப்பில் சமைத்திருந்தார்கள். அந்த மூலையில் ஒரு கரிக்கோடுகூட இல்லை. குடிவந்த அன்று பவுனம்மாள் அங்கே அடுப்பைக் கூட்டி, கோலம் போட்டு, பால் காய்ச்சினாள். பால் பொங்கியதும் உடைக்க இன்சீனிலிருந்து கொண்டுவந்த தேங்காயை எடுத்து உடைத்தால், அழுகல். குப்பென்று நாறியது. புது வீட்டில் முதல் தேங்காய் அழுகலா? நல்ல நேரம் முடியப்போகிறது, கடைக்கு ஓட வழியில்லை. நிமிர்ந்து பார்த்தாள். தூணின் உச்சியில், பிரம்பு வளையத்தில், சிவப்புத் துணி சுற்றிய ஒரு தேங்காய் தொங்கியது. சாமிக்குக் கட்டினதைச் சாமிக்கே உடைத்தால் என்ன குறை என்று இறக்கி ஒரே போடு போட்டாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே பருப்பு சுருங்கி, ஓரம் கருகி இருந்தது.

பலகாரத் தட்டோடு வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு டோ டின் அதைப் பார்த்தாள். தட்டைப் படியில் வைத்தாள். தூணுக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து படியிறங்கிப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் சிவப்புத் துணி சுற்றிய புதுத் தேங்காயோடு வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான்.

"மா பவுன், இதக் கட்டிட்டுப் போயிடறேன். உங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லல."

"வீட்டுக்கு வீடு காவலுக்கு நாட் சாமிக்குத் தேங்காய் கட்டுவீங்க, எனக்குத் தெரியாதா டோ டின்? மதிப்பு இருக்கு. ஆனா இது என் வீடு."

"இது நாட் சாமிக்கு இல்ல." டோ டின் குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப, சண்டைக் காலத்துல, இங்க ஒரு நிலக்காரர் இருந்தாராம். ஊர் ஜனமெல்லாம் ஓடுது. அவர் மட்டும் போகமாட்டேன்னு இந்தத் தூணைக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னாராம். வீட்டுக்கு நெருப்பு வெச்சுட்டாங்க. எல்லாம் போச்சு, தூண் மட்டும் நின்னுச்சு. அதச் சுத்தித்தான் பின்னால வீடு கட்டினாங்க. தேங்காய்ல தண்ணி இருக்கிற வரைக்கும் அவருக்குத் தாகம் இருக்காது. வத்தினா மாத்துவோம். அதுக்குக் கீழ நெருப்பு மட்டும் வைக்கவே மாட்டோம்."

"விக்கிறப்ப ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

பவுனம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஏமாற்றப்பட்ட கோபம் பாதி, மறுபடியும் ஒருத்தர் வந்து இப்படி இரு, அங்கே அடுப்பு வைக்காதே என்று சொல்கிற கோபம் மீதி.

"அவர் போகலேன்னா அது அவர் பாடு. வாங்கினவ நான். அடுப்பு அங்கேதான் இருக்கும்."

டோ டின் தேங்காயை மேல்படியில் வைத்துவிட்டுப் போனாள். பவுனம்மாள் அதைத் தொடவில்லை. மழையில் நனைந்து நனைந்து அதன் சிவப்புச் சாயம் படியில் வழிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தண்ணீர் தொலையத் தொடங்கியது. வாய்வரை நிரப்பி மூடி வைத்த மண்பானை, திரும்பிப் பார்க்கும்போது அடியில் கொஞ்சம் ஈரத்தோடு இருந்தது. ஓட்டையா என்று முற்றத்தில் வைத்துப் பார்த்தாள், மழை நிரப்பிய பானை தளும்பத் தளும்ப அப்படியே நின்றது. உள்ளே தூக்கி வந்தாள், வற்றியது. ஊறப் போட்ட உளுந்து காய்ந்த உளுந்தாகவே கிடந்தது. வெளியே உலகமே தண்ணீரில் மிதக்க, உள்ளே அவள் உதடு வெடித்தது. இருட்டத் தொடங்கும்போது ஒரு வாசனையும் வந்தது. நல்லெண்ணெய் தேய்த்த தலைமுடி கருகுகிற வாசனை. பிறகு, தகரக் கூரையில் மழை கொஞ்சம் தணிகிற சமயங்களில், அடுப்பு மூலையிலிருந்து யாரோ மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம்.

டவுனில், கியாக்டடாவில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் தம்பி விநாயகமூர்த்தி ஒருநாள் சாயங்காலம் போன் பண்ணினான்.

"குரலே சரியில்லையேக்கா. தனியா அந்தக் காட்டுல என்ன பண்றே? வித்துட்டு வந்துடு. எங்க ரூம்லயே இருந்துக்கலாம்."

"உங்க ரூமா? அது வாடகை ரூம்டா மூர்த்தி. நாளைக்கு உன்னையே எந்திரின்னுவான்."

"சரி, இதச் சொல்லு. பக்கத்துல யாரு?"

"யாருமில்ல."

"தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குதே."

பவுனம்மாள் தூணின் பக்கம் தலையைத் திருப்பாமல் இருக்க என்ன பாடு பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"நான்தான் குடிக்கிறேன்" என்றாள். "வைடா போனை."

தம்பியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த ரயிலிலேயே வந்து கூட்டிப்போயிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷமும் உயிருள்ளவர்கள் சொல்லி வெளியேறியாகிவிட்டது. இப்போது செத்தவன் ஒருவன் சொல்லியும் வெளியேறினால், பிறகு அவளுக்கு எந்த மண்தான் மிச்சம்?

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போயிற்று. தினம் போவதுதான். பவுனம்மாள் அப்போதுதான் மழையில் போய் ஒரு வாளி தண்ணீர் பிடித்துக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட வந்திருந்தாள். ஈரத் துண்டு தோளில் கிடந்தது. வாளியை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தாள். இன்றைக்கும் அடுப்பை அங்கேதான் மூட்டுவேன் என்று மனசுக்குள் ஒரு வீம்பு. நமத்துப்போன தீப்பெட்டி, நாலைந்து குச்சியாவது வீணாகும் என்று உரசினாள். முதல் குச்சியே பற்றியது. விறகில் வைக்கும் முன்பே விறகு பற்றிக்கொண்டது.

சுடர் மேலே எழும்பவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தது. தூணைப் பார்த்து.

காற்று இல்லை. மழைச் சத்தம் இருந்தது, எங்கோ தூரத்தில் பெய்வது போல. நல்லெண்ணெய் வாசனை. முடி கருகுகிற வாசனை. வாளியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே. ஓசையில்லாமல். ஒரு விரல் அளவு. இன்னொரு விரல் அளவு.

தூண் தடித்திருந்தது.

வெளிச்சம் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். இல்லை. தூணோடு தூணாக ஒன்று நின்றது. கரியின் நிறம். தூணை வளைத்துப் பிடித்த இரண்டு கைகள். விரல்கள் மரத்துக்குள் புதைந்திருந்தன. தலை சாய்ந்து, கன்னம் தூணில் ஒட்டி இருந்தது. முகம் அவள் பக்கம்.

வாய் திறந்திருந்தது. குடிக்கிற வாய்.

பவுனம்மாள் பின்னால் நகர்ந்தாள். நகர்ந்து, வாசல் பக்கத்துத் தூணில் முதுகு இடித்து, அதில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். வாசல் கைக்கெட்டும் தூரம். கதவு திறந்தே கிடந்தது. படியில் டோ டின்னின் தேங்காய் நனைந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் பக்கத்து வீட்டு மெழுகுவர்த்தி. எழுந்து இரண்டடி வைத்தால் போதும்.

கால் எழுந்திரு என்றது. மனசு மாட்டேன் என்றது. கோபம் அடிவயிற்றிலிருந்து தமிழிலேயே வந்தது. கோபத்தில் அவளுக்கு வேறு பாஷை வராது.

"இங்க பாரு. நீ யாரா வேணா இரு. இது என் வீடு. என் பேர்ல இருக்கு. பொறந்ததுலேர்ந்து காலி பண்ணு, காலி பண்ணுன்னு கேட்டே காது புளிச்சுப்போச்சு. இனி யாரும் என்னைய அப்படிச் சொல்ல முடியாது. நெருப்பு வெச்சாலும் சரி, இந்த இடத்த விட்டு அசையமாட்டேன்."

குடிக்கிற சத்தம் நின்றது.

வாளி காலியாகியிருந்தது. சுடர் நிமிர்ந்தது. அந்தக் கருகிய வாய் மெல்ல, மிகவும் சிரமப்பட்டு, வேறு விதமாகத் திறந்தது. வறண்ட குரல். உமி உரசுகிற மாதிரி. கோபமே இல்லாத குரல்.

தமிழ்.

"நானும் இதத்தான் சொன்னேன், தாயி."

பவுனம்மாளின் கண்ணில் நீர் முட்டியது. அது பயமா, வேறு எதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே இருந்தவர் கிட்டே வரவில்லை. தூணைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடலாம். இப்போதுகூடப் போய்விடலாம்.

போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகைத் தூணில் இன்னும் அழுத்தமாகச் சாய்த்து உட்கார்ந்தாள். பார்க்கலாம், யார் முதலில் என்று. கண்ணைத் துடைக்கத் தோளில் கிடந்த ஈரத் துண்டை இழுத்தாள்.

துண்டு மொறமொறவென்று இருந்தது.

தலைமுடியைத் தொட்டாள். காய்ந்திருந்தது. சொட்டச் சொட்ட வந்த தலை. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் தூண் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது. கை தானாகவே பின்னால் போய் அதைப் பற்றியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். எடுக்கப் பார்த்தாள். விரல்கள் வரவில்லை.

வெளியே சேற்றில் காலடிச் சத்தம். டோ டின் குடையும் மெழுகுவர்த்தியுமாக முற்றத்தில் வந்து நின்றாள். திறந்த கதவு வழியாக அடுப்பு மூலையைப் பார்த்தாள். பிறகு வாசல் தூணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கும்பிட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து தன் வீட்டுக்குப் போனாள்.

வேண்டாம், கொண்டுவராதே, இது என் வீடு என்று கத்த பவுனம்மாள் வாயைத் திறந்தாள். தொண்டையில் சத்தம் எழுப்ப ஈரமில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டோ டின் திரும்பி வந்தாள். மெதுவாகப் படியேறினாள். அவள் கையில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய்கள் இரண்டு இருந்தன.