ஐந்து சக்கரமும் ஒற்றை ஷூவும்

பக்கத்து வீட்டு அம்மா கார்ப் பந்தய வீராங்கனை. அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அந்த வீட்டில் மெதுவாக ஓடுவது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான்.

மகளுக்கு ஒன்பது வயது. ஆள் சிறிது, பேச்சில் காரம் பெரிது. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் கடுகு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இரண்டு வீட்டு பால்கனிக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. காதைப் பொத்திக்கொண்டா துணி காயப்போட முடியும்?

அந்த வருஷம் நோய் பரவியது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பந்தயத் திடலையும் மூடினார்கள். பந்தயம் கம்ப்யூட்டருக்குள் போனது. ஓட்டுநர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, மேசையில் ஸ்டியரிங்கும் காலடியில் பிரேக்கும் பொருத்திக்கொண்டு, திரையில் தெரிகிற காரை ஓட்ட வேண்டும்.

முதல் பந்தயத்தில் நம் வீராங்கனைக்கு இருபத்தோராவது இடம். இரண்டாவதில் இருபத்திரண்டு. மொத்தமே இருபத்திரண்டு கார்கள்தான்.

அன்று மாலை அவருடைய குழுவின் மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் நான் என்ன செய்ய?

"தப்பா நினைக்காதீங்க மேடம். மூணாவது ரேஸ்ல முதல் பத்துக்குள்ள வரணும். வரலைன்னா, திடல் திறந்ததும் உங்க கார்ல வேற ஆளை உட்கார வைக்கிறதா முதலாளி சொல்லிட்டாரு."

"வளைவு வந்தாலே பிரேக் லேட்டாத்தான் பிடிக்குது," என்றார் அம்மா. "ஏன்னே தெரியல."

அதன்பிறகு அவர்கள் சமையலறையில் குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மூன்றாவது பந்தயத்தன்று காலையில் கடுகு பால்கனிக்கு வந்தாள்.

"அத்தை, ஒரு ஷூ தருவீங்களா?"

"ஒரு ஜோடியா?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணு."

காரணம் தெரியாமல் கொடுத்துவிட்டால் எனக்குச் சோறு இறங்குமா? "விஷயத்தைச் சொன்னாத்தான் ஷூ," என்றேன்.

கடுகு திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா உட்கார்ற நாற்காலிக்கு அஞ்சு சக்கரம். பிரேக்கை அழுத்தி மிதிச்சா நாற்காலி பின்னால உருண்டு போயிடுது. கால் எட்டல. சக்கரத்தை ஷூவுக்குள்ள வச்சா நகராது. என்கிட்ட ரெண்டு ஜோடிதான் இருக்கு."

"இது உங்க அம்மாவுக்குத் தெரியலையா?"

"நிஜக் கார்ல சீட் நகராதே. அவங்க திரையைத்தான் பார்ப்பாங்க. நான் மேசைக்கு அடியில உட்கார்ந்து படம் வரைவேன். அதனால எனக்கு மட்டும் தெரியும்."

"எப்போ பார்த்தே?"

கடுகு கம்பியைச் சுரண்டினாள். "முதல் ரேஸ்லயே."

"அடிப்பாவி, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"போன வருஷம் அம்மா கார் கவுந்துச்சுல்ல. தோள்ல எலும்பு உடைஞ்சுச்சுல்ல. கம்ப்யூட்டர்ல கவுந்தா ஒண்ணும் ஆகாது. தோத்துட்டா அம்மா வீட்டுலயே இருப்பாங்கன்னு நினைச்சேன்."

நான் கம்பியில் சாய்ந்துகொண்டேன்.

"அதுவும் நியாயம்தானே? பேசாம இருந்துடு. உங்க அம்மாவும் பத்திரமா வீட்டுல இருப்பா."

"இருப்பாங்க," என்றாள் கடுகு. "ஆனா போன் வந்த அன்னிக்குக் கழுவி வச்ச தட்டையே எடுத்துத் திரும்பத் திரும்பக் கழுவினாங்க அத்தை. என் பக்கம் திரும்பவே இல்ல."

உள்ளே போய் என் வீட்டுக்காரரின் ஷூ ஒன்றை எடுத்து வந்தேன். கையில் கொடுக்கக் கூடாத காலம். ஒட்டடைக் கம்பின் நுனியில் மாட்டி நீட்டினேன்.

"நாறுது அத்தை."

"உங்க மாமா ஷூ மல்லிப்பூவா மணக்கும்? எடுத்துட்டு ஓடு."

பந்தய நேரத்தில் எனக்குப் பால்கனியில் வேலை இருந்தது. ஈரத்துணி இல்லாததால் காய்ந்ததையே காயப்போட்டேன். அவர்கள் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது.

அம்மா நாற்காலியின் கீழே ஐந்து ஷூக்களைப் பார்த்தார். உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். நாற்காலி அசையவில்லை. மகளைப் பார்த்தார். கேட்க நேரமில்லை, திரையில் பந்தயம் தொடங்கும் விளக்குகள் எரிந்து அணைந்தன.

கடுகு இந்த முறை மேசைக்கு அடியில் போகவில்லை. பக்கத்திலேயே நின்றாள். நிஜப் பந்தயத்தில் அம்மாவின் முகத்தை ஹெல்மெட் மறைத்துவிடும். அதனால் கார் ஓட்டுகிற முகத்தை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள். கண்கள் பளபளத்தன. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. கார் இடப்பக்கம் திரும்பினால் நாக்கும் இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம்.

பதினெட்டு. பதினான்கு. பதினொன்று. கடைசி வளைவில் இன்னும் இரண்டு கார்களைத் தாண்டி, ஒன்பதாவது இடம்.

போன் அடித்தது. அம்மா அதை எடுக்கவில்லை.

"நாற்காலி நகர்றதை எப்போ பார்த்தே?"

"முதல் ரேஸ்லயே," என்றாள் கடுகு. தலை குனிந்திருந்தது.

அம்மா அவளை இழுத்து மடியில் உட்காரவைத்தார்.

"பயமா இருந்துச்சா?"

"இப்பவும் இருக்கு."

"எனக்கும் இருக்கும். ஒவ்வொரு தடவையும்."

"உனக்குமா? அப்புறம் ஏம்மா போறே?"

"நீ இப்ப என் முகத்தையே பார்த்துட்டு நின்னியே. அதுல என்ன தெரிஞ்சுது?"

கடுகு நிமிர்ந்து பார்த்தாள்: அம்மாவின் கண்கள் இன்னும் பளபளத்தன, நாக்கு நுனியும் இன்னும் உதட்டோரத்தில்தான் இருந்தது.

"சரி, போ. ஆனா நிஜ ரேஸ்ல நாக்கை உள்ள வச்சுக்கோம்மா. கார் குலுங்கினா கடிச்சுக்குவே."

அம்மா சட்டென்று நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, மகளின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.